எதிர்வீட்டு ஃப்ரிட்ஜ்

“ஹலோ… ஹலோ, அக்கா? கேக்குதுங்களா?… நான்தான், அனுசுயா… அனுசுயா! எதிர்வீடு!… ஆமா, ஆமா. அந்த மைக் செட்டுக்காரன கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க… சரி, நீங்களே வெளிய வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அனுசுயா நின்றுகொண்டிருந்தது அவள் வீட்டில் அல்ல. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில், எதிர்வீட்டுச் செல்லக்கிளியின் சமையலறையில். செல்லக்கிளி, தம்பி பேரனின் காதுகுத்துக்குத் துறையூர் போய் மூன்று நாளாகிறது. போகும்போது சாவியைக் கொடுத்து, துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஃப்ரிட்ஜை மட்டும் திறக்காதே, கதவு ஒரு மாதிரி இருக்கிறது என்றும் சொன்னாள். ஒரு கதவைத் திறக்காதே என்று செல்லக்கிளி சொன்னது அந்த அடுக்ககத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் லேசாகத் தள்ளிப் பார்க்கிற ஆத்மா அது.

“காதுகுத்து நல்லா நடந்துச்சா?… மாமன் மடியில உக்காந்து அழுதானா?… பாவம், புள்ள… சரி, சரி. ஒண்ணுமில்லக்கா, இங்க காலையிலேருந்து கரண்ட் இல்ல. மாசாந்திர ஷட்டவுன். செடிக்குத் தண்ணி ஊத்த வந்தா, கதவத் தொறந்ததும் குப்புனு ஒரு புளிச்ச வாட. இட்லி மாவ உள்ள வச்சிட்டுப் போயிட்டீங்களா?… அதான் பார்த்தேன். பொங்கி வழிஞ்சு ஃப்ரிட்ஜுக்கு வெளிய வந்து தரையெல்லாம் ஓடியிருந்துச்சு… ம்… ம்… தொறந்தேன்க்கா.”

துறையூரில் மைக் செட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

“அக்கா?… இருக்கீங்களா?… தொறந்துட்டேன். கதவு நல்லாத்தான் இருக்கு… சேச்சே, எனக்கென்ன சிரமம். மாவ வழிச்சு, தட்டெல்லாம் கழுவிக் கவுத்துட்டேன். கதவுல எலுமிச்சம்பழம் வைப்பீங்கள்ல, அது வரைக்கும் மாவு. பழத்த எடுத்துட்டுத் தொடைக்கிறப்போ… என்ன?… இல்ல, நீங்க சொல்லுங்க. ஏதோ சொல்ல வந்தீங்களே… ஒண்ணுமில்லியா? அப்ப நானே சொல்றேன். பழத்துக்குப் பின்னாடி ஒரு பை இருந்துச்சு. நீலப் பட்டு. ஜரிகை வச்சது.”

சொல்லும்போது அந்தப் பை அவள் இடதுகையில்தான் இருந்தது. மாவு காய்ந்து, ஜரிகையில் வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

“ஒங்களதா?… ஓ. ஒங்களுக்குச் சுகரா? எப்பலேருந்து?… போன மாசமா? அப்ப எப்படிக்கா எனக்குத் தெரியாமப் போச்சு? ஒங்க முட்டிவலியே கொள்ளிடம் பாலம் தாண்டி டோல்கேட் வரைக்கும் தெரியும். சுகர்னா சமயபுரத்துக்கே சேதி போயிருக்குமே… இல்ல, இல்ல, கிண்டல் இல்ல. உள்ள இன்சுலின் பேனா ரெண்டு இருக்கு, சுகர் பாக்குற மிஷின் இருக்கு. அதெல்லாம் ஒங்களதாவே இருக்கட்டும். பையி என்னோட கல்யாண ரவிக்கத் துணிக்கா.”

கதை அங்கேதான் இருக்கிறது. அனுசுயாவின் புருஷன் வளவனுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை. பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை வந்து, இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு பொழுதும் ஓடாத உடம்பு. தாலி ஏறியதிலிருந்து அந்த ஊசியைப் போட்டவள் அனுசுயாதான். ரவிக்கையில் மிஞ்சிய துணியில் ஊசிக்குப் பை தைத்ததும் அவள்தான். வருடங்கள் போகப் போகச் சர்க்கரை அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்தது. டயாலிசிஸ் வந்தது. கடைசியில் சென்னையில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த யாரோ ஓர் இளைஞனின் சிறுநீரகமும் கணையமும் ஒரே ஆபரேஷனில் வளவனின் வயிற்றுக்குள் குடியேறின. சிறுநீரகம் வந்ததும் டயாலிசிஸ் போயிற்று. கணையம் வந்ததும் ஊசி போயிற்று.

ஊருக்குத் திரும்பிய அன்றே அனுசுயா மிச்சமிருந்த ஊசிகளைப் பையில் போட்டுக் கட்டி, “பீடை ஒழியட்டும், அம்மா மண்டபத்துல விட்டுட்டு முங்கிட்டு வாங்க” என்று புருஷனிடம் கொடுத்தனுப்பினாள். காவிரி எவ்வளவோ பேர் பீடையை வாங்கிக்கொள்கிற நதி. விட்டுவிட்டேன் என்று வந்து நின்றான். தலைகூட ஈரமாக இருந்தது.

“காவிரி திருப்பிக் குடுத்துடுச்சாக்கா?… சிரிக்கல. கேக்குறேன்… அழாதீங்க. மொதல்ல நான் அழுது முடிச்சுக்கறேன், அப்பறம் நீங்க அழலாம். எப்பலேருந்து?… சத்தமாச் சொல்லுங்க… ஆடியிலேருந்தா? இது மாசிக்கா… சரி. சரி. ஆடி, ஆவணி, தீவாளி, பொங்கலு, எல்லாம் ஆச்சு. தீவாளிக்கு அவரு ஜாங்கிரி தின்னாரே, ஒங்க முன்னாடி, எங்க வீட்டு ஹால்ல… ஊசி போட்டுக்கிட்டு வந்துதான் தின்னாரா? இங்க வந்து?… ஆங். நான் ஒரு முட்டாளு, ‘இன்னொண்ணு எடுத்துக்கங்க’ன்னு ஊட்டிவிட்டேன். நீங்களும் ‘புதுக் கணையம் ஜோரா வேல செய்யுது’ன்னீங்க.”

அவன் இனிப்பு தின்பதைப் பார்ப்பது அனுசுயாவுக்கு ஒரு திருவிழா. ஆபரேஷனுக்கு முன்னால் சமயபுரத்தாளுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். கணையம் ஒட்டிக்கொண்டால் வருடாவருடம் தன் வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக. அப்படியே ஒவ்வொரு மாசியிலும் கோயில் பிராகாரத்தில் ஈரப்புடவையோடு படுப்பாள். வயிற்றில் ஈரத்துணி, அதன்மேல் இலை, இலைமேல் வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த விளக்கு. நெய்த்திரி எரிந்து அடங்கியதும் அந்த மாவைப் பிசைந்து முதல் உருண்டையை வளவன் வாயில் வைப்பாள். அவன் தின்று, உதட்டைத் துடைத்து, சிரிக்க வேண்டும். கணையத்துக்கு அது வருடாந்திரப் பரீட்சை. கூடப் போகிற செல்லக்கிளிதான் சாட்சி. வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்துப் பரீட்சை.

“ஞாயித்துக்கெழமைக்கும் ப்ளான் போட்டிருந்தீங்களா? கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்துட்டு… ம்… ம். அது சரி. ஊசிய யாரு போடுறது?… இல்ல, கை நடுங்குமே அவருக்கு. ஆபரேஷனுக்கு அப்பறம் அந்த மாத்திர சாப்புடுறதுலேருந்தே நடுக்கம், டீ கிளாசே ரெண்டு கையால புடிப்பாரு. பேனாவ எப்படிப் புடிப்பாரு?… யாரு?… நீங்களா?”

அனுசுயா பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். 

“நீங்க போட்டு விட்டீங்க… ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?… அவரேவா. ம்… இல்ல, தப்பாவெல்லாம் நினைக்கல. ஒங்கள நான் தப்பா நினைப்பேனா. அது என் வேலக்கா… என் வேல அது. ஜொரத்துல கெடந்தப்பக்கூட எந்திரிச்சு வந்து போட்டிருக்கேன். எங்க போட்டா வலிக்கும், எங்க வலிக்காதுன்னு என் வெரலுக்குத் தெரியும்… நல்ல மனசா? இருக்கட்டும். நல்ல மனசோட எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

மறுமுனையில் நீளமாய் ஏதோ ஓடியது. அனுசுயா ‘ம்’ கொட்டிக்கொண்டே பையை ஈரத்துணியால் துடைத்தாள். கோபமாக இருக்கும்போதும் கறையைப் பார்த்தால் அவளால் விட முடியாது.

“சத்தியம் வாங்கிட்டாரா. என் தலையிலயா?… ஒங்க தலையிலயா. அதான் காப்பாத்தியிருக்கீங்க. மூணாம் மாடி பொண்ணு ஓடிப்போறேன்னு ஒங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தானே சொல்லுச்சு? சாயங்காலத்துக்குள்ள அதோட அப்பா ஜங்ஷன்ல நிக்கிறாரு. நம்ம ஃப்ளாட்ஸ் செகரட்டரி சித்தார்த்தன் சாருக்குத் தலையில விக்குன்னு யாருக்குத் தெரியும், அவரு பொண்டாட்டிக்கும் ஒங்களுக்கும் தவிர? அன்னிக்கே தண்ணி லாரிக்காரன் வரைக்கும் தெரியும். ஊர்க் கதையெல்லாம் ஒரு பிடி உப்புப் போட்டு எங்கிட்ட சொல்லுவீங்க. என் வீட்டுக் கதைய மட்டும் எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாடி வச்சிட்டீங்க.”



“… ஆமா, ஆமா. அவரு பாவந்தான். நான் மட்டும்?… சரி, அது கெடக்கட்டும். மெட்ராஸ்ல என்ன சொன்னாங்க? ஐப்பசியில செக்கப்புக்குப் போனாரே, அவங்ககிட்டயாவது சொன்னாரா?… அக்கா… போனாரா, போகலையா?”

பதில் வந்தபோது அனுசுயாவின் வாய் மெல்லத் திறந்துகொண்டது.

“போகலியா? காலையில நான்தான் ஆட்டோ ஏத்திவிட்டேன். தயிர்சாதம் கட்டிக் குடுத்தேன்… ஆட்டோவ மாம்பழச் சாலையோட திருப்பிட்டாரா? திரும்பி எங்க போனாரு?… இங்கயா? இங்கயா இருந்தாரு, நாள் முழுக்க? எதிர்வீட்டுலயா?… இருங்க, இருங்க. அன்னிக்குத்தான் நீங்க வந்து கொழம்பு கேட்டீங்க. வெண்டக்கா புளிக்கொழம்பு. ஒரு கிண்ணம் வாங்கிட்டுப் போயி, மறுபடியும் வந்து ‘ருசியா இருக்குடி, இன்னொரு கரண்டி ஊத்து’ன்னீங்க. தனி மனுஷி, இவ்வளவு சாப்புடுறாங்களேன்னு சந்தோஷப்பட்டு அப்பளமும் பொரிச்சுக் குடுத்தேன்… அத அவரு இங்க உக்காந்து தின்னாரா? ஒங்க டிவிய பாத்துக்கிட்டு?… ராத்திரி வந்து, ரயில்ல கூட்டம், காலு வலிக்குதுன்னாரு. நான் வெந்நி வச்சு ஊத்தினேன். எனக்கு வாங்கிட்டு வந்தாரே, அந்த ஹேண்ட் பேக்கு? மெட்ராஸ்ல வாங்கினதுன்னு… பெரியகடை வீதியா. நீங்க போயி வாங்கிட்டு வந்ததா… கலரு நல்லாருக்குன்னு ஒங்ககிட்டயே காட்டினேனேக்கா!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; சிரிப்பு மூக்கு வழியாக வேறு ஏதோவாக வெளியே வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல… பேசுங்க… இல்ல, நான் பேசறேன், நீங்க கேளுங்க. ஆபரேஷனப்பவே டாக்டரு எங்கள உக்காத்தி வச்சுப் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. ரெண்டும் ஒரே ஆளுகிட்டேருந்து வந்தது. இது நம்ம சொந்தமில்லன்னு ஒடம்பு அடிக்க ஆரம்பிச்சா, பெரும்பாலும் ரெண்டையும் சேத்துத்தான் அடிக்கும். கணையம் ஊமை. அடி வாங்கினாலும் வாயத் தொறக்காது. அது கத்தி, சர்க்கரை ஏறி, நமக்குத் தெரியறப்போ பாதிக் கத முடிஞ்சிருக்கும். கிட்னிதான் வாயாடி. ரத்த டெஸ்ட்ல மொதல்ல அதான் போட்டுக் குடுக்கும். அதனால செக்கப்ப மட்டும் விட்றாதீங்கம்மான்னாரு. மொத வருஷம் பயந்து பயந்து போனோம். அப்பறம் வருஷம் ஆக ஆக, தைரியம் வந்து, நீங்களே போயிட்டு வாங்கன்னு விட்டேன் பாருங்க… அதச் சொல்லணும்.”

“… ம்… ம். ஒங்கள நான் கிட்னின்னு நினைச்சேன்க்கா. எங்க வீட்டுல ஒண்ணுன்னா நீங்கதான் மொதல்ல கத்துவீங்கன்னு. நீங்களும் கணையமா இருந்துட்டீங்க.”

“… எதுக்கு எங்கிட்ட மறைக்கணும்?… என்ன சொன்னாரு?… சொன்னத அப்படியே சொல்லுங்க… ‘அவளுக்குத் தெரிஞ்சா வேண்டுதல் பலிக்கலன்னு நொறுங்கிடுவா. அடுத்து தீச்சட்டி எடுப்பா, அலகு குத்திப்பா’ன்னாரா. ஆமா, எடுப்பேன்! எடுத்தா என்ன? என் கை, என் தீச்சட்டி… அதுக்கு பயந்துக்கிட்டு? விளக்கு என் வயித்துலதான் எரியுது, அவருக்கெதுக்குச் சுடுது?”

குரல் உயர்ந்ததில் பின்பக்கத்து ஜன்னல் ஒன்று திறந்த சத்தம் கேட்டது. மின்சாரம் இல்லாத பகலில் அடுக்ககத்துக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை. அனுசுயா குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க ஊருக்குப் போன இந்த மூணு நாளா யாரு போட்டா?… அவரே வந்து போட்டுக்கறாரா. எப்படி வருவாரு, சாவி எங்கிட்ட இருக்கு… இன்னொரு சாவியா? அவருகிட்டயா?… நல்லாருக்கு. எனக்குச் செடிக்கு ஒரு சாவி, அவருக்கு ஊசிக்கு ஒரு சாவி… சரி, மாத்திரையாவது ஒழுங்கா சாப்புடுறாரா? ஒடம்பு அத ஏத்துக்கறதுக்குக் குடுப்பாங்களே, ரெண்டு வேளையும், அது. நான் எடுத்து வைக்கிறேன், அவரு கையில வாங்கிக்கறாரு, அதுவரைக்கும் பாக்குறேன்… என்ன ‘அது வந்து’?… என்னக்கா ‘அது வந்து’?”

 துறையூர் பேசியது. அனுசுயாவின் முகத்தில் இருந்த கேலி, கோபம், கண்ணீர் எல்லாம் ஒவ்வொன்றாய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயின.

“பாதியா?”

“… யாரு சொன்னா?… மாத்திரைதான் சுகர ஏத்துதுன்னு யாரு சொன்னா?… வீடியோவுல வந்துச்சா. யாருக்கு வந்துச்சு?… ஒங்களுக்கு வந்துச்சு. நீங்க அவருக்குக் காட்டினீங்க… எப்பலேருந்து பாதியா சாப்புடுறாரு?… கார்த்திகையிலேருந்தா… அக்கா, அது சுகர ஏத்தும்தான். டாக்டரே சொல்லியிருக்காரு, எனக்கும் தெரியும். ஏத்தினாலும் அதான் காவக்காரன். அது இல்லன்னா ஒடம்பு கிட்னியயும் அடிக்கும். கணையம் போச்சுன்னா ஊசி இருக்கு, நான் இருக்கேன், ஆயுசுக்கும் போட்டுக்கிட்டுக் கெடப்பேன். கிட்னியும் போச்சுன்னா… மறுபடியும் அந்த டயாலிசிஸ் மிஷின்ல… இன்னொருத்தர் எங்க குடுக்கப் போறாங்க? குடுத்துட்டுப் போன அந்தப் பையனோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்… இல்ல, யாருன்னு தெரியாது. தெரியலன்னா பதில் சொல்ல வேணாமா?”

“… இருங்க. கொஞ்சம் இருங்க. யோசிக்க விடுங்க.”

அவள் கண்முன் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. பொங்கலுக்கு வாங்கியது. வார் இறுக்குகிறது என்று வளவன் அதைப் போன வாரம் ஓரமாய்க் கழற்றிப்போட்டிருந்தான்.

“காலு வீங்கியிருக்குக்கா. புதுச் செருப்பு கடிக்குதுன்னு நினைச்சேன். மொகமெல்லாம் பூசினாப்புல ஆச்சு. தேறிட்டாருன்னு நினைச்சேன்… கண்ணு பட்டுடும்னு சுத்திப் போட்டேன். இந்த வருஷம் மாவிளக்குக்கு அரப்படி கூடவே இடிங்கன்னு மில்லுல சொல்லி வச்சிருக்கேன்… அது தேறினதில்ல. நீரு கோத்திருக்கு.”

“… அழுதா வேலைக்காகாது. நீங்களும் அழாதீங்க, ஃபங்ஷன் வீடு அது. நான் சொல்றத மட்டும் கேளுங்க. மெட்ராஸ் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணினவங்கள கவனிச்சுக்கற கோஆர்டினேட்டர் பொண்ணு மெஹ்ரீன்னு ஒண்ணு, நம்பர் எங்கிட்ட இருக்கு. ஒங்க போன வச்சதும் அதுக்குத்தான் அடிக்கப் போறேன். எல்லாத்தையும் சொல்லப் போறேன். ஊசிய, செக்கப்ப, பாதி மாத்திரைய. இன்னிக்கே கெளம்புறோம்… காப்பாத்திடுவாங்களா, எனக்கென்ன தெரியும்? சீக்கிரம் வந்தா மருந்து குடுத்து நிறுத்திப் பாக்கலாம்னு அன்னிக்குச் சொன்னாங்க. சீக்கிரத்தத்தான் நீங்க ரெண்டு பேரும் வெண்டக்கா கொழம்பு ஊத்தித் தின்னுட்டீங்களே… மாவிளக்கா? ஆத்தா எங்கயும் போயிட மாட்டா. மொதல்ல ரத்தத்த எடுக்கட்டும்.”

“… என்னது?… நீங்க சொன்னதா சொல்ல வேணாமா? கவலப்படாதீங்க, சொல்ல மாட்டேன். நீங்க சொல்லவே இல்லியே, அதானே இங்க வெவகாரமே.”

வாசல் பூட்டில் சாவி உரசியது. உள்ளே நுழையாமல் இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை நுழைந்தது. நடுங்குகிற கையின் சாவி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வளவன் முதலில் ஏறுகிற வாசல் எதுவென்று இப்போது தெரிந்துவிட்டது. தன் வீட்டில் இத்தனை நாளாகச் சோற்றை ஆறவைத்துக் காத்திருந்தது எதற்கென்றும் அனுசுயாவுக்குத் தெரிந்துவிட்டது.

“வந்துட்டாரு… இல்ல, நீங்க பேச வேணாம். போன அவருகிட்ட குடுக்க மாட்டேன்… கத்த மாட்டேன். கத்தறதுக்கெல்லாம் இப்ப தெம்பு இல்ல.”

வளவன் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வாசலில் வந்து நின்றான். மாவு வாடைக்கு மூக்கைச் சுளித்தவன், நீலப் பையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். செருப்பில்லாத பாதங்கள் உப்பியிருந்தன. அனுசுயா முதலில் பார்த்தது அந்தப் பாதங்களைத்தான். முகத்தைப் பார்க்க அவளுக்கு மனசில்லை.

“உக்காருங்க… அந்த ஸ்டூல்ல. ஒங்களுக்குத் தெரியாததா, பழகின வீடுதானே… ஒண்ணும் சொல்லாதீங்க. பொய்யெல்லாம் இங்கயே தீந்து போச்சு, மிச்சம் இல்ல. வெரல நீட்டுங்க… நீட்டுங்கங்கறேன்.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு விரலைக் குத்தினாள்.   மிஷினில் வந்த எண்ணைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், பேனாவின் மூடியைக் கழற்றினாள். இத்தனை வருடம் கழித்தும் விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒன்றே ஒன்றுதான் தெரியவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் சதை கட்டிக்கொள்ளும், பக்கம் மாற்ற வேண்டும். அவன் தானாகப் போட்டுக்கொண்ட லட்சணத்தை வேட்டி விலகிய தொடையிலிருந்த நீலத் திட்டுகளில் கண்டுகொள்ளலாம். கையில் போட்டவள் துறையூரில் இருக்கிறாள்.

“வைக்கிறேன்க்கா… இருங்க, ஒரு நிமிஷம். கடைசியா எந்தக் கையில போட்டீங்க?… நல்லா யோசிச்சு… இடதா?… நெசமாத்தானே? இதுலயாவது?… சரி.”

“ஏங்க, வலதுகைச் சட்டைய ஏத்துங்க.”

சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் போனை அணைத்தாள். அதற்குமேல் என்ன நடந்ததென்று துறையூருக்குக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.